கால் வேலி நிலமும் ஒரு பி.ஏ. பட்டமும்

போன மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் சின்னதாக ஒரு போர் நடந்தது. பேத்தி வணிகவியல் பிரிவில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். பி.காம். முடித்து சி.ஏ. படிக்கலாம் என்பது அவள் அப்பாவின், அதாவது என் மகனின், கணக்கு. அவளோ பி.ஏ. பொலிடிகல் சயின்ஸ் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, நீங்களே சொல்லுங்க. அரசியல் படிச்சு என்ன பண்ணப் போறா? கட்சியில சேரப் போறாளா?" என்று மகன் என்னிடம் வந்தான்.

"தாத்தா, நீங்க சொல்லுங்க" என்று அவளும் வந்தாள்.

முப்பத்தாறு வருஷம் வருவாய்த் துறையில் மனு வாங்கிப் பழகியவன் நான். இரண்டு தரப்பும் எதிரே நின்றால் அன்றே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் பாடம். "ஒரு வாரம் டயம் கொடுங்க" என்றேன். இந்தப் பாடத்தோடு எனக்கு ஐம்பத்தைந்து வருஷத்துப் பழைய பாக்கி ஒன்று உண்டு. அதைப் புரட்டிப் பார்க்க அந்த ஒரு வாரம் உதவியது. பார்த்ததை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் வீட்டிலும் பேரனோ பேத்தியோ இப்படிக் கேட்கக்கூடும்.

1967இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து பி.யூ.சி. சேர்ந்தேன். அந்த வருஷத் தேர்தல் நம் வயதுக்காரர்களுக்கு மறக்காது. வாக்குரிமை அப்போது இருபத்தொரு வயதுக்குத்தான். பதினெட்டு ஆனது 1989இல். ஓட்டு இல்லாத வயதில் ஓட்டுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்கள் நாங்கள். அண்ணா முதலமைச்சரானார். இருபது வருஷமாக அசையாமல் இருந்த ஒன்று நம் கண்ணெதிரில் அசைந்தது. அது எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்று படிக்க ஒரு படிப்பு இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். 1968இல் பி.ஏ.வுக்கு விண்ணப்பம் போட்டபோது முதல் விருப்பமாக அதைத்தான் எழுதினேன்.

கல்லூரி ஆபீஸில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதுல சீட் முடிஞ்சுது. ஹிஸ்டரி இருக்கு, சேர்றியா?" என்றார். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மதுராந்தகத்திலிருந்து பாசஞ்சர் பிடித்து வந்தவர். திரும்பிப் போக வேண்டிய வண்டியை நினைத்துக்கொண்டே, "எதுவோ ஒண்ணு, பட்டம்தானே" என்றார். சேர்ந்துவிட்டேன். அந்த வகுப்பில் இரண்டு இடம் வருஷம் முழுக்க நிரம்பாமலே கிடந்தது என்று பிறகு தெரிய வந்தது. எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. அந்த மனிதரும் இப்போது இருக்க மாட்டார்.

வரலாற்று வகுப்பில் அரசியல் எனக்குத் துணைப்பாடமாகத்தான் கிடைத்தது. அப்போது ஆன்சிலரி என்போம். ஆசிரியர் நோட்ஸ் சொல்வார், நாங்கள் எழுதுவோம். அரசு என்பதற்கு நான்கு அங்கங்கள்: மக்கள், நிலப்பரப்பு, அரசாங்கம், இறைமை. பிளேட்டோ சொன்னது, அரிஸ்டாட்டில் சொன்னது, ஹாப்ஸ் சொன்னது. நான் சேர்ந்தபோது மதராஸ் மாநிலம். 1969 ஜனவரி 14ஆம் தேதி அது தமிழ்நாடு ஆனது. மூன்று வாரத்தில், பிப்ரவரி 3ஆம் தேதி, அண்ணா மறைந்தார். ஊரே சென்னையை நோக்கிப் போனது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். திரும்பி வகுப்புக்கு வந்தால் ஆசிரியர் பிளேட்டோவை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். வெளியே ஒரு பெரிய சரித்திரம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே ஏதென்ஸ் நடந்துகொண்டிருந்தது. அவர் மேல் தப்பில்லை, பாடத்திட்டம் அப்படி.

ஏன் அப்படி என்பதுதான் இந்த ஒரு வாரத்தில் நான் தேடிய விஷயம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல், பம்பாய், கல்கத்தாவோடு சேர்ந்து, லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து உண்டாக்கப்பட்டது. அதன் முதல் பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்களில் ஒருவர் பின்னாளில் தொல்காப்பிய உரையையும் கலித்தொகையையும் பதிப்பித்த சி.வை. தாமோதரம் பிள்ளை. அந்தக் காலத்தில் அரசியலுக்கென்று தனிப் பட்டம் கிடையாது. வரலாற்றுக்குள்ளும் பொருளாதாரத்துக்குள்ளும் ஒட்டுக் குடித்தனமாக ஒரு தாள், இரண்டு தாள் இருந்தது. ஆளப்படுகிறவனுக்கு ஆட்சியைப் பற்றி எதற்குப் படிப்பு என்று வெள்ளைக்காரர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் அவர்கள் நாட்டிலேயும் இது புதுப் படிப்புதான். பாரிஸில் 1872இல் இதற்கென்று ஒரு பள்ளி வந்தது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம் 1880இல் தனிப் பிரிவு தொடங்கியது. லண்டன் பொருளாதாரப் பள்ளி 1895இல் வந்தது. 1913இல் அம்பேத்கர் போய்ச் சேர்ந்தது அதே கொலம்பியாவில்தான். அவர் பொருளாதாரம் படித்தவர் என்றாலும், அங்கே கற்றதில் எவ்வளவு பிற்பாடு நம் அரசமைப்புச் சட்டத்துக்கு வந்து சேர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே நம் கையில் என்ன இருந்தது? திருக்குறள் இருந்தது. பொருட்பாலில் 70 அதிகாரம், 700 குறள். அரசன், அமைச்சன், தூது, ஒற்று, படை, நட்பு என்று ஆட்சியின் ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுப் பேசுகிற நூல். தமிழ் வகுப்பில் அதை மனப்பாடச் செய்யுளாகப் படித்தோமே ஒழிய, அரசியல் வகுப்பில் யாரும் திறக்கவில்லை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் கையிலேயே இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் 1905இல் ஓர் ஓலைச்சுவடியைக் கொண்டுபோய் மைசூர் நூலகத்தில் கொடுத்தார். நூலகத்தில் இருந்த ஆர். சாமசாஸ்திரி அது என்னவென்று கண்டுபிடித்து 1909இல் அச்சில் கொண்டுவந்தார். அதுவரை உலகத்துக்குப் பெயர் மட்டும் தெரிந்த நூல் அது. நம் பல்கலைக்கழகம் பாடத்திட்டம் எழுதத் தொடங்கி ஐம்பது வருஷம் ஆன பிறகு வந்த புத்தகத்துக்கு முதல் பக்கத்தில் இடம் கிடைக்காததில் ஆச்சரியமில்லை.

1937ஆம் வருஷத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி தேர்தல் நடந்து, ஜூலையில் ராஜாஜி பிரதமரானார். அப்போது மாகாண முதல்வரை அப்படித்தான் சொல்வார்கள். அதே வருஷம் கிறித்துவக் கல்லூரி சென்னையிலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. செங்கல்பட்டு, மதுராந்தகம் பையன்களுக்கு ரயிலேறிப் போய்ப் படிக்கிற தூரத்தில் ஒரு பெரிய கல்லூரி வந்துவிட்டது. அதே வருஷம்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரசியல், பொது நிர்வாகம் இரண்டையும் சேர்த்து ஒரு துறையும் ஒரு டிப்ளமோவும் தொடங்கினார்கள். பொது நிர்வாகத்தைப் படிப்பாக எடுத்துச் சொல்லிக்கொடுப்பதில் இந்தியாவிலேயே முன்னோடியான முயற்சி அது. நம்மவர்கள் மந்திரியாக உட்கார்ந்த வருஷமும் ஆட்சியைப் பாடமாக எடுத்த வருஷமும் ஒன்றாக அமைந்தன.

அந்தத் துறைக்குத் தலைமை வகித்தவர் லக்னோவில் வேலை பார்த்துவிட்டு வந்த எடி ஆசீர்வாதம். அவர் எழுதிய பொலிடிகல் தியரி புத்தகத்தை இந்தியா முழுக்க மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள். லயோலாவில் ஆசிரியராக இருந்த ஏ. அப்பாதுரை எழுதிய தி சப்ஸ்டன்ஸ் ஆஃப் பாலிடிக்ஸ் 1942இல் வந்தது. எங்கள் ஆசிரியர் சொன்ன நோட்ஸில் பாதி அதிலிருந்து வந்தது என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. அப்பாதுரை பின்னால் தில்லியில் சர்வதேச ஆய்வுகளுக்கான பள்ளியைத் தொடங்கிவைத்த இயக்குநரானார். பச்சையப்பன் கல்லூரி முதல்வராக இருந்த எம். ரத்னசாமி, அரசு எப்படி உருவாகிறது என்று 1932இலேயே பெரிய புத்தகம் எழுதினார். சட்டசபைத் தலைவராக இருந்த அனுபவமும் அவருக்கு உண்டு. ஆக, வகை தெரிந்த ஆட்கள் நம் ஊரிலேயே இருந்தார்கள். இந்தியா முழுமைக்கும் பாடப்புத்தகம் எழுதிக் கொடுத்தவர்கள் நம்மவர்கள்.

இவ்வளவு இருந்தும் எங்கள் வகுப்பு ஏன் ஏதென்ஸிலேயே நின்றது? எனக்குத் தோன்றுகிற காரணம் இது. இந்தப் படிப்பு இங்கே வேர்விட்ட காலத்தில் அது அதிகாரிகளையும் வக்கீல்களையும் எதிர்கால மந்திரிகளையும் மனதில் வைத்துத் திட்டமிடப்பட்டது. நாற்காலியில் உட்காரப் போகிறவனுக்கு இறைமை என்றால் என்ன என்று தெரிந்தால் போதும். நாற்காலிக்கு எதிரே மனுவோடு நிற்கிறவனுக்கு என்ன தெரிய வேண்டும் என்று அதில் யாரும் கேட்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் பிளேட்டோ எழுதிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் அமெரிக்காவிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் வரிசையாக வந்து நம்மைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ராபர்ட் ஹார்ட்கிரேவ் திராவிட இயக்கத்தைப் பற்றி 1965இல் புத்தகம் போட்டார். மைரன் வீனர் 1967இல் வெளியிட்ட காங்கிரஸ் கட்சி பற்றிய ஆய்வில் மதுரையும் உண்டு. மார்கரீட் பார்னெட் தமிழ்த் தேசிய அரசியலைப் பற்றி எழுதிய நூல் 1976இல் வந்தது. நம் தெருக்கூட்டமும் மாலை நேரத்துக் கட்சி மேடையும் படிப்பகமும் அவர்களுக்கு பிஎச்.டி. விஷயமாக இருந்தன. எங்களுக்கு அவை படிப்பைக் கெடுக்கிற விஷயமாக இருந்தன.

சரி, இனி நம் ஊர்க் கதை.

மதுராந்தகத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கி.பி. 919, மற்றொன்று 921. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க்குக்குப் படித்திருப்போம். நான் அதை முழுசாகப் படித்தது ரிடையர் ஆன பிறகுதான். வெட்கமாக இருந்தது. தேர்தல் வேலை பார்த்தே நரைத்த மனுஷன் நான். என் வீட்டுக்குப் பக்கத்தில் ஆயிரத்து நூறு வருஷத்துத் தேர்தல் விதிமுறைப் புத்தகம் கல்லில் கிடந்திருக்கிறது.

ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தார்கள். நம் கணக்கில் முப்பது வார்டு. நிற்கத் தகுதி: வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். ஒரு வேலி என்பது தஞ்சைக் கணக்கில் ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வேதப் படிப்பு வேண்டும். கடந்த மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் நிற்க முடியாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவுகளும் நிற்க முடியாது. யார் யார் உறவு என்று சித்தி மகன், அத்தை மகன், மாமன், மைத்துனன் வரைக்கும் வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள்.

தேர்வு நடக்கிற விதம் இன்னும் ருசி. குடும்பு வாரியாகப் பெயர் எழுதிய ஓலைகளைக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். சபையில் இருக்கிற நம்பிமாரில் மூத்தவர் குடத்தைத் தூக்கி எல்லோரும் பார்க்கும்படி காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனை விட்டு ஓலை எடுக்கச் சொல்வார்கள். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரல் இடுக்கில் வேறு ஓலை ஒளித்து வைத்திருக்கக் கூடாதல்லவா! பிறகு அவன் படிக்க வேண்டும், மற்றவர்களும் படிக்க வேண்டும். வாக்குப்பதிவு தொடங்கும்முன் காலிப் பெட்டியை ஏஜெண்டுகளுக்குத் திறந்து காட்டி அரக்கு வைத்தவன் நான். அந்த விரித்த விரலைப் படித்தபோது, இதை எழுதியவர்கள் நிச்சயம் ஏமாந்து அனுபவப்பட்டவர்கள் என்று புரிந்தது. 919இல் போட்ட விதியை இரண்டே வருஷத்தில் திருத்தி விரிவாக்கியிருக்கிறார்களே, அதற்கும் அப்படி ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும்.

இப்படித் தேர்ந்தெடுத்தவர்கள் வாரியங்களாகப் பிரிந்து வேலை பார்த்தார்கள். சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். 360 நாள் பதவி. ஏரிக்கென்று தனி வாரியம்! மதுராந்தகத்துக்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? நம் ஏரி உடைந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் நாம். கலெக்டர் லயனல் பிளேஸ், ஏரி காத்த ராமர் கதை சின்னக் குழந்தைக்கும் தெரியும். 1790களில் கம்பெனி ஆட்சிக்கு இந்த ஏரிக்கரை எப்படிக் கவலையாக இருந்தது என்பதைப் பக்தியாக நினைவு வைத்திருக்கிற கதை அது. ஏரி வாரியம் பார்த்த வேலை கம்பெனி கலெக்டருக்குப் போய், பொதுப்பணித் துறைக்குப் போய், 2000ஆம் ஆண்டு விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டத்தின் வழியாகக் கொஞ்சம் பாசன சங்கங்களுக்குத் திரும்பியது. இந்த ஒரே ஏரியை வைத்து மூன்று வருஷப் பொலிடிகல் சயின்ஸும் நடத்தலாம்.

ஆனால் பெருமை பேசுகிற சந்தோஷத்தில் ஒன்றை மறைக்கக் கூடாது. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். நிலமில்லாதவன் பெயர் குடத்துக்குள் போகாது. ஏரியில் மண் வெட்டியவன் பெயர் போகாது. பெண்ணின் பெயர் போகவே போகாது. அந்த விதிகளும் மன்னன் ஆணைப்படி, அவன் அதிகாரி முன்னிலையில் செய்யப்பட்டவை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கே. சந்தானம் கிராமப் பஞ்சாயத்துக்கான பிரிவைக் கொண்டுவந்தார். இன்று அரசமைப்பில் 40ஆவது பிரிவாக இருப்பது அது. அந்த விவாதத்தில் டி. பிரகாசம் இந்த உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துப் பெருமையாகப் பேசினார். அதே மாத ஆரம்பத்தில் அம்பேத்கர், கிராமத்தைக் கொண்டாடுகிறவர்களைக் கடுமையாகக் கேட்டிருந்தார். கிராமத்தில் உதைபட்டவன் கேள்வி அது. கல்வெட்டைப் படிக்கிற பிள்ளை இரண்டு பேரையும் படிக்க வேண்டும். ஒருவரை மட்டும் படித்தால் அது பாதிப் படிப்பு.

நம் மாவட்டத்து அண்மைக் கதையையும் பாருங்கள். 73ஆவது அரசமைப்புத் திருத்தம் 1993இல் அமலுக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994. அதன்படி முதல் தேர்தல் 1996இல். மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று வந்த முதல் தேர்தல். வேட்புமனு வாங்கும் மேஜையில் நான் இருந்தேன். ஓர் அம்மா கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கி, கை நடுங்கி, கணவர் முகத்தைப் பார்த்தார். "நீங்கதாம்மா போடணும்" என்றேன். போட்டார். 2016இல் இந்தப் பங்கைப் பாதியாக்கிச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் வந்த அதே வருஷம் தேர்தல் நின்று போனது. ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் பார்த்தார்கள். 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களுக்குத் தேர்தல் நடந்தபோது, புதிதாகப் பிரித்த மாவட்டங்களுக்கு நடக்கவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டைப் பிரித்தது அதே நவம்பரில்தானே! நமக்கு 2021 அக்டோபரில்தான் நடந்தது. 360 நாளுக்கு ஒருமுறை குடத்தைத் தூக்கிக் காட்டிய ஊருக்குப் பக்கத்தில் ஐந்து வருஷம் தேர்ந்தெடுத்த ஊராட்சி இல்லாமல் இருந்தோம். எத்தனை பேர் ஏன் என்று கேட்டோம்? கேட்கத் தெரிய வேண்டும். அதற்குத்தான் படிப்பு.

ஒரு வாரம் கழித்து பேத்தியை உட்காரவைத்து, ஒரு நோட்டில் மூன்று வருஷத்துக்குத் திட்டம் போட்டோம். உங்களுக்கும் உதவலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கல்லூரிகள் கொடுக்கிற பாடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: அரசியல் கோட்பாடு, இந்திய அரசமைப்பு, மேலைநாட்டு அரசியல் சிந்தனை, இந்தியச் சிந்தனை, பொது நிர்வாகம், ஒப்பீட்டு அரசியல், சர்வதேச உறவு, தமிழ்நாட்டு அரசியல், உள்ளாட்சி. பிளஸ் டூவில் இந்தப் பாடம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. மாநிலக் கல்லூரியிலும் தாம்பரம் கிறித்துவக் கல்லூரியிலும் இந்தத் துறை நெடுங்காலமாக இருக்கிறது. சேரும்முன் அந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தை வாங்கி, விருப்பப் பாடம் என்னென்ன, உள்ளாட்சிக்கு ஒரு தாள் இருக்கிறதா, களப்பணி உண்டா என்று பார்க்க வேண்டும். ஆபீஸில் சீட் இல்லை என்று சொன்னால் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். இது என் சொந்த அனுபவம்.

முதல் வருஷம் அரசமைப்புச் சட்டத்தை நோட்ஸ் வழியாக இல்லாமல் நேராகப் படிப்பது. தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது. தமிழில் இந்தப் பாடத்துக்கே பெயர் நிலைக்கவில்லை. ராஜ்ய சாஸ்திரம் என்றார்கள், அரசியல் விஞ்ஞானம் என்றார்கள், இப்போது அரசியல் அறிவியல். ஈழத்தில் அழகாக அரசறிவியல் என்கிறார்கள். இரண்டு மொழியிலும் சொல் கையில் இருந்தால்தான் மனுவும் எழுத முடியும், பரீட்சையும் எழுத முடியும்.

இரண்டாம் வருஷம் துணைப்பாடம். வரலாறு சுலபம் என்று எடுக்காமல் பொருளாதாரமோ புள்ளியியலோ கிடைத்தால் எடுக்க வேண்டும். வணிகவியல் படித்த பிள்ளைக்குக் கணக்குப் பயமில்லை. ஓர் ஊராட்சியின் வரவு செலவைப் படிக்கத் தெரிந்த பொலிடிகல் சயின்ஸ் மாணவி அபூர்வம். பிளேட்டோவைத் தள்ள வேண்டாம். பிளேட்டோவுக்குப் பக்கத்தில் பொருட்பாலையும் அர்த்தசாஸ்திரத்தையும் அம்பேத்கரையும் பெரியாரையும் வைத்துக்கொண்டு படித்தால் அவரும் நன்றாகப் புரிவார்.

மூன்றாம் வருஷம் ஏதாவது ஒரு கிராம சபைக் கூட்டத்துக்கு விடாமல் போய், நடப்பதை எழுதி வைப்பது. அதையே ஆய்வுக் கட்டுரையாக்கலாம்.

வேலை? மகனுக்குச் சொன்னதையே சொல்கிறேன். இந்தப் பட்டம் நேராக ஒரு நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைக்காது. அப்படிச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். மூன்று வருஷச் சட்டப் படிப்புக்குப் போகலாம். சிவில் சர்வீஸ் பரீட்சையில் இதை விருப்பப் பாடமாக எடுக்கலாம். குரூப் தேர்வுகளில் பொது அறிவுத் தாளுக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். பத்திரிகை, ஆய்வு நிறுவனம், ஆசிரியர் பணி என்று வழிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் அதற்கு மேல் இன்னொரு படி ஏற வேண்டும். அந்தப் படிக்கு இரண்டு மூன்று வருஷம் தாக்குப்பிடிக்க வீட்டில் வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். எங்கள் வீட்டில் என் பென்ஷன் இருக்கிறது. எல்லார் வீட்டிலும் இருக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் காரை எடுத்தான். மூன்று பேரும் உத்திரமேரூர் போனோம். சுவரில் எழுத்து இருக்கிறது என்பதுதான் நமக்குத் தெரியும், படிக்க முடியாது. நான் கையில் கொண்டுபோன குறிப்பைப் பார்த்து ஒவ்வொரு விதியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பேத்தி கேட்டாள்: "தாத்தா, என் பேரைக் குடத்துல போட்டிருப்பாங்களா?"

"மாட்டாங்கம்மா. என் பேரையும் போட்டிருக்க மாட்டாங்க. கால் வேலி ஏது நமக்கு?"

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் பின்னால் நின்றுகொண்டிருந்தவன், "அந்தக் கணக்குக் காட்டாதவன் விஷயத்தை இன்னொரு தடவை சொல்லுங்கப்பா" என்றான். சொன்னேன். சொந்தக்காரன்கூட நிற்க முடியாது என்ற இடம் வந்ததும் சிரித்துவிட்டான். "இதை இப்பவும் வைக்கலாமே! ஏன் வைக்கல?"

"அதைத்தான் உன் பொண்ணு படிக்கப் போறேங்கறா" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஏரிக்கரைப் பக்கம் வண்டியை நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தான். ராத்திரி ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பும்போது முதல் விருப்பம் பொலிடிகல் சயின்ஸ், இரண்டாவது பி.காம். என்று அவனே டைப் செய்தான். அனுப்புவதற்கு முன்னால், "அப்பா, ஒரு தடவை சரி பாருங்க" என்று என்னிடம் காட்டினான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். 1968இல் என் அப்பா பார்க்காமல் விட்ட அந்தக் கட்டத்தை நான் இரண்டு தடவை பார்த்தேன்.